பாஸ்வேர்டு தேவையில்லை

நாகேஷின் மொட்டைத் தலையில் இன்னும் முடி முளைக்கவில்லை. லேப்டாப்பை ரூபேஷின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேசைமேல் வைத்துவிட்டு, அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். பின்னால் அவர் மனைவி சுனிதா, அழுது வீங்கிய முகத்தோடு.

"எம் பொண்ணு பவ்யாவோடது. நேத்துதான் காரியம் முடிஞ்சிது. பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும்."

ரூபேஷுக்கு மனசு கேட்கவில்லை. "போட்டோ பாக்கணுமா அங்கிள்? அவங்க போன்ல இல்லியா?"

"போன் அவகூடவே போயிடிச்சிப்பா."

ரூபேஷ் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினான்.

"இதுக்குள்ள ஒரு முழு சிஸ்டமே இருக்கு அங்கிள். லேப்டாப்ப இதுலருந்து ஓட்டினா பாஸ்வேர்டே கேக்காது. உள்ள இருக்கறதெல்லாம் தெரியும். நாம பாத்த அடையாளம்கூட இருக்காது."

"வேணாம்ப்பா," என்றாள் சுனிதா திடீரென்று. "மூடிடு. இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்?"

"நீ சும்மா இரு," என்றார் நாகேஷ்.

பெற்ற வயிறு, எப்படித் தாங்கும் என்று நினைத்துக்கொண்டான் ரூபேஷ். தொழிலில் கெட்டிக்காரன்தான். திரையைப் பார்க்கிற அளவுக்கு எதிரே நிற்கும் முகங்களைப் பார்க்க மாட்டான்.

படங்கள் வரிசையாக வந்தன. காலேஜ் விழாவில் பவ்யா, கோரமண்டல் ரயில் ஸ்டேஷனில் பவ்யா. நாகேஷ் எதையும் நின்று பார்க்கவில்லை.

"கடைசியா இருக்கறது இன்னா? அதக் காட்டு."

கடைசிப் படத்தில் ஆளே இல்லை. பச்சை கேட், மாடிப்படி, 'வீடு வாடகைக்கு' என்று ஒரு போர்டு.

"போர்டப் பெருசா பண்ணு."

ஓசூரில் ஏதோ ஒரு தெருப் பெயர், கீழே போன் நம்பர். நாகேஷ் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். வேலைக்குப் போக வீடு பார்த்து வைத்திருக்கிறாள் பாவி என்று ரூபேஷின் கண் கலங்கியது. சுனிதா மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரூபேஷ் காசு வாங்கவில்லை. "அவங்க ஆத்மா சாந்தியடையட்டும் அங்கிள்."

நாகேஷ் தலையாட்டிவிட்டு, கடை வாசலில் நின்று மகனுக்குப் போன் போட்டார்.

"சுனில், பவ்யாவும் அந்தப் பையனும் ஓசூர்லதான் இருக்காங்க. வண்டிய எடு, காரியந்தான் முன்னாடியே பண்ணிட்டமே."