இடது பக்கக் கண்ணாடி

காணாமற்போனது எதுவானாலும் கண்டுபிடித்துத் தருபவர் கொச்சிக்கடை அந்தோனியார். கொழும்பு பதின்மூன்றில் இதற்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

கார் சாமான் என்றால் மட்டும் அவரும், களவுபோனதெல்லாம் கடைசியில் விலைக்கு வரும் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குத்தான் அனுப்பிவைக்கிறார்.

அப்படித்தான், பக்திச் சபைத் தலைவரும் துறைமுகத்தின் முன்னாள் தலைமை எழுதுவினைஞருமான சூசைதாசன், ஒரு புதன்கிழமை காலை, இஸ்திரி போட்ட வெள்ளை ஷேர்ட்டோடு, கிரீஸ் மணக்கும் பாட்ஸ் கடை ஒன்றின் வாசலில் நின்றார்.

பின்னால் வருவதைப் பார்க்கும் காரின் இடது பக்கக் கண்ணாடி முதல்நாள் களவுபோயிருந்தது. அதுவும் அந்தோனியார் கோயில் வாசலிலேயே. செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு உள்ளே போய், மிலானில் இருக்கும் மகன் அனுஜனுக்காக வழக்கம்போல ஒரு விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வருவதற்குள் கண்ணாடியைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைத் திருவிழா. யாழ்ப்பாணத்திலிருந்து பிரசங்கத்துக்கு வரும் சாமியாரை ஏற்றிவரும் பெருமையை, வேறு இரண்டு கார்களைத் தோற்கடித்து, தனது பழைய வெள்ளைக் கொரோலாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார் சூசைதாசன். ஒற்றைக் காதோடு அது எப்படிக் கோயில் வாசலில் போய் நிற்கும்?

“வேற ஒண்டு வாங்கிப் போடுங்கோவன். அது ஒட்டுப் போட்டதுதானே,” என்றாள் மனைவி டோரின்.

வேறு ஒன்று அந்தப் பழுத்த வெள்ளையோடு ஒத்துப்போகாது. பார்க்கிறவனெல்லாம் விசாரிப்பான். அவருக்கு அவருடையதே வேண்டும்.

களவுச் சாமான் வாங்குவது பாவம் என்று சபைக் கூட்டத்தில் இரண்டு தடவை பேசியவர் அவர். ஆனால் தன் சாமானைத் தானே காசு கொடுத்து வாங்குவது எந்தக் கட்டளையில் வருகிறது? ஓட்டோவில் வரும்போது பத்தையும் சொல்லிப் பார்த்தார். எதிலும் வரவில்லை.

கடைக்குள் கண்ணாடிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சூசைதாசன் தெரிந்தார். ஒருவரும் சபைத் தலைவர் போல இல்லை.

கடைக்காரன் தர்ஷன் என்ன மொடல் என்று கேட்டான். சொன்னார். எந்தப் பக்கம் என்றான். சொன்னார். அவன் இவருடைய ஷேர்ட்டை ஒருமுறை பார்த்தான். தொங்கியவற்றைத் தொடாமல், மேசைக்கு அடியிலிருந்து பத்திரிகையில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான்.

பிரித்தார். அவருடையதேதான். அடியில் பசை காய்ந்த மஞ்சள் தழும்பு.

“ஒரு கீறல் இல்லாமக் கழட்டியிருக்கிறான் அங்கிள்,” என்றான் தர்ஷன். “இதைத் தேடி ஒரு வயசாளி வருவார், வெள்ளை ஷேர்ட் போட்டிருப்பார், வேற ஆருக்கும் குடுக்க வேணாம், அவரிட்ட கூடக் காசு எடுக்கவும் வேணாமெண்டு சொல்லிட்டுப் போனவன். இப்பிடி ஓடர் போட்டிட்டுப் போன ஆளை நான் என்ர சீவியத்தில கண்டதில்ல.”

சூசைதாசன் தழும்பின் மேல் விரலை வைத்தார்.

கார் பழகிய நாட்களில் அனுஜன் வீட்டுக் கேற்றில் உரசி உடைத்தது அது. அன்று அவனை அடித்தார். பிறகு அப்பனும் மகனுமாக நிலத்தில் குந்தியிருந்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு, ஸ்குரூவைக் கழற்றினாலும் அந்தக் கண்ணாடி வராது. கொஞ்சம் மேலே தூக்கி, முன்னுக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் கதவுப் பெயின்ற்றையும் உரித்துக்கொண்டு வரும்.

உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த சங்கதி.

விலை கேட்க வேண்டிய இடத்தில் அவர் வேறொன்றைக் கேட்டார்.

“ஆள் மெலிஞ்சிருக்கிறானோ தம்பி?”

தர்ஷன் சிரிக்கப் பார்த்தான். அவருடைய முகத்தைக் கண்டு விட்டுவிட்டான்.

“ஓம் அங்கிள். ஷேர்ட்டுக்குள்ள ஆளைத் தேட வேண்டியிருந்தது.”

அனுஜன் மிலானுக்குப் போகவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன், ஐஸ் என்ற போதைத் தூளுக்காகத் தாயின் தையல் மெசினை அவன் விற்றுவிட்டு வந்த அன்று, கேற்றைத் திறந்துபிடித்து வெளியே போகச் சொன்னவர் சூசைதாசன்தான். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் யாரோ மகனைக் காணவில்லையே என்று கேட்க, வாயில் வந்த ஊர் மிலான். வந்த ஊர் அப்படியே தங்கிவிட்டது.

அந்தோனியாருக்கு எழுதும் சீட்டிலும் மிலான் என்றே எழுதினார். பக்கத்தில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் இரண்டு காதும் உள்ள காரில் வந்து இறங்கினார். அருமையான பிரசங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். சூசைதாசனும் சொன்னார். என்ன பிரசங்கம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை அவர் காரைப் போன கிழமை நிறுத்திய அதே இடத்தில், அதே மதிலோரமாக நிறுத்தினார்.

“தலைவர், கவனம். கள்ளனுக்கு வழி தெரிஞ்சு போச்சு, திரும்ப வருவான்,” என்றாள் சபைச் செயலாளர் மரியகொறற்றி.

“வரட்டும், வரட்டும். இந்தமுறை இறுக்கிப் பூட்டியிருக்கு,” என்று, நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நவநாள் முடிந்து ஆட்கள் எல்லோரும் கலைந்த பிறகும் அவர் வெளியே வரவில்லை.

கண்ணாடியின் மூன்று ஸ்குரூவும் வீட்டில், ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தன.