அசையாத ஸ்க்ரூ

"சுத்தியல் வேணாமே மாமா. பதமா கழட்டக் கூடாதா?"

மைத்துனன் இதை மூன்றாவது முறையாகச் சொன்னான். துப்பாக்கி மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"நான் என்ன, சுவரையா இடிக்கப் போறேன்? ரெண்டு தட்டு தட்டினாத்தான் பிடிப்பு விடும்."

மேஜை வைஸின் இரும்புப் பிடியில் இறுகிக் கிடந்தது மைத்துனனின் ரைஃபிள். நாளை காலை கிளப்பில் போட்டி. குறிபார்க்கும் ஸ்கோப்பைத் தாங்கும் தகட்டை அவனே மாட்டியிருக்கிறான். டப்பாவில் கைக்குக் கிடைத்த நீள ஸ்க்ரூவைப் போட்டு, கழன்றுவிடக் கூடாதென்று பசையும் தடவி, மூச்சைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். அது உள்ளே இறங்கி, தோட்டா அறையை மூடும் போல்ட்டை அழுத்திக்கொண்டது. இப்போது போல்ட்டும் திறக்கவில்லை, ஸ்க்ரூவும் அசையவில்லை.

எந்தத் துப்பாக்கி வந்தாலும் போல்ட்டைத் திறந்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் மெக்கானிக் வேலையைத் தொடங்குவார். போலீஸ்காரர் கொண்டுவந்தாலும் அதே கதைதான். இன்று அதற்கு வழியில்லை. மைத்துனன் "காலிதான் மாமா" என்றான்; வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டார்.

அவர் கவலையெல்லாம் ஸ்க்ரூவின் மேல்தான். போன மாதம் இதே மாதிரி ஒன்று தலை முறிந்துபோனது. "இன்னொண்ணு முறிஞ்சா கடையை மூடிட்டு வீட்ல உக்காருங்க" என்று மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தம்பியைச் சாட்சிக்கு அனுப்பியிருக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். பயலும் கண்ணை எடுக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின் கடகடத்தது.

"அக்கா, இங்க வந்து உக்காரேன். பேசிக்கிட்டிருக்கலாம்."

"கையில வேலை இருக்குடா. அங்கேருந்தே பேசு, காது கேக்குது."

மெக்கானிக் சால்டரிங் கோலைச் சூடாக்கி ஸ்க்ரூவின் தலையில் வைத்தார்.

"சூடு வேற வைக்கணுமா மாமா?"

"பசை இளக வேணாமா? பக்கத்துல நின்னு என் கையை நடுங்க வைக்காத மாப்ளே."

"துப்பாக்கியை ஜன்னல் பக்கமா திருப்பி வைங்களேன். வெளிச்சம் நல்லா விழும்."

"முப்பது வருஷமா இந்த வெளிச்சத்துலதான் வேலை பாக்கறேன்."

"அக்கா, போய் ஒரு டீ போட்டுக் குடேன்."

"இப்பத்தானேடா குடிச்ச?" மெஷின் நிற்கவில்லை.

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைப் பொருத்திச் சுத்தியலால் தட்டினார். ஒன்று. இரண்டு. மைத்துனன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவ்வளவு அவநம்பிக்கையா என்று அவருக்கு எரிச்சல் வந்தது. மூன்றாவது தட்டுக்குப் பிறகு முழு பலத்தையும் கொடுத்துத் திருகினார். கிறீச்சென்று கால் சுற்று நகர்ந்தது. பிறகு அரைச் சுற்று. ஸ்க்ரூ முழுசாக அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"கேட்டியாம்மா? முறியாம வந்துடுச்சு."

"கேட்டேன், கேட்டேன். கடை இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனனோ ஒரு வார்த்தை பாராட்டாமல் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தான். கிடக்கிறான் என்று விட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் சுண்டுவிரலை நீட்டியபடி போல்ட்டை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து மேஜையில் உருண்டது. வெடிக்காத, முழுத் தோட்டா.

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. அவர் பார்வை ரைஃபிளின் குழலோடு போய்ப் பலகைத் தடுப்பில் முட்டியது. தடுப்புக்கு நேர் பின்னால் தையல் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"தோட்டா போட்டப்புறம்தான் தகடு ஆடறதைப் பாத்தேன் மாமா. அப்படியே முறுக்கித் தொலைச்சிட்டேன். வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்னு..." மைத்துனன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "அக்காவை எத்தனை தடவை கூப்பிட்டேன், எழுந்து வரவே மாட்டேன்னுட்டா."