மாப்பிள்ளைக்கு எதிர்ப்பாட்டு

"பட்டப்பகல்ல ஏம்மா இப்படி இருட்டா வெச்சிருக்கே? நான் எதையாவது மிதிச்சுத் தொலைச்சிட்டா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள் அத்தை.

ஆராய்ச்சிக்கூடத்தின் தவளை அறை அப்படித்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஒரே ஒரு சிவப்பு பல்பு. பகலை ராத்திரியாக்கி வைத்தால்தான் தவளைகள் ஆராய்ச்சிக்காரர்களின் வேலை நேரத்தில் விழித்திருக்கும்.

மருமகள் அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து, ஒரு கண்ணாடித் தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தாள்.

பாம்பு, பல்லி, தவளை என்று ஊரே அருவருக்கும் ஜீவன்களோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். காட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்பமாட்டாள். வாய்த்த மாமியாரோ தங்கம். ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் புழு டப்பாவைப் பார்த்தால், வேறு வீட்டில் டப்பாவும் மருமகளும் சேர்ந்தே தெருவுக்குப் போயிருப்பார்கள். இவள், "மூடியில ஓட்டை போட்டியா? மூச்சு முட்டப்போவுது, பாவம்" என்றவள்.

அப்படிப்பட்டவள் மாமா போனதிலிருந்து தூங்கவில்லை.

படுக்கிறாள், புரள்கிறாள், எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். டாக்டர் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்றவைத்ததே தவிர தூங்கவைக்கவில்லை. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே சொக்கிவிட்டாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் துணியில் தீப்பிடித்திருக்கும்.

அதற்குத்தான் இங்கே கூட்டிவந்தது. வந்த பிறகு மருமகளுக்கு ஒரு சந்தேகம். பாம்பு விஷமே அளவாகக் கொடுத்தால் மருந்து என்று படித்தவள்தான். அத்தைக்கு அளவு யார் சொல்வது? தூக்கம் வராமல் இன்னும் பெரிய அழுகை வந்துவிட்டால்?

தொட்டிக்குள் பாசிமேல் குந்தியிருந்தது ஒரு குண்டுத் தவளை. ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. பிறந்த ஓடை வற்றிப்போய், ஒரு காலத்தில் இந்த இனத்தில் மிஞ்சியிருந்ததே ஒரு தொட்டி அளவுதான். மாப்பிள்ளை கத்தினால்தான் பெண் தவளை பக்கத்தில் வரும், வந்தால்தான் முட்டை.

ஐயா கத்தவே இல்லை.

குழாய் வைத்து மழை பெய்யவைத்தார்கள். காட்டில் பதிவு செய்த சொந்தபந்தங்களின் குரலைப் போட்டுக் காட்டினார்கள். ம்ஹூம். அசல் மாப்பிள்ளை முறுக்கு.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மின்சாரம் போய், தொட்டியை வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைக்கவேண்டியதாயிற்று. பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியையும் ஓடவிட்டிருந்தாள். எல்லாம் தொழில் பழக்கம். காலையில் போட்டுக் கேட்டால், மாப்பிள்ளை விடிய விடியக் கத்தித் தீர்த்திருந்தார்! ஹாலில் கேட்ட வேறொரு சத்தத்தை எதிராளி என்று நினைத்து ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவருக்கு.

அதிலிருந்து அந்தப் பதிவைப் போட்டால்தான் இங்கே கல்யாணம் நடக்கும். இன்று அறை முழுக்கத் தொட்டிகள், தொட்டி முழுக்க மாப்பிள்ளையின் பேரன் பேத்திகள்.

அது என்ன சத்தம் என்று அத்தையிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை. "என் மானம் போயிரும்மா" என்று மாமா கெஞ்சியிருந்தார்.

மருமகள் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் மின்விசிறியின் கரகரப்பு. பிறகு, ஈர மரத்தில் ரம்பம் இறங்குவதுபோல், மாமாவின் குறட்டை.

அத்தை நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் குறட்டை தாங்காமல்தான், கல்யாணமான புதிதிலேயே அவர் கட்டிலை ஹாலுக்குத் தள்ளினாள். மாமாவோ ராத்திரி விழிப்பு வந்தால் எழுந்துபோய், அவள் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து படுப்பார். தன் சத்தம் அவளை எழுப்பிவிடக் கூடாதாம்.

குறட்டை ஏறியது, இறங்கியது. மாப்பிள்ளை தொண்டையை உப்பிக்கொண்டு பதில் கொடுத்தார். அக்கம்பக்கத்துத் தொட்டிகளும் சேர்ந்துகொண்டன. நிறுத்திவிடலாமா என்று நீண்ட மருமகளின் கை பாதியில் நின்றது. அத்தை அழவில்லை.

"கொஞ்சம் திரும்பிப் படுங்களேன்" என்றாள், இருட்டைப் பார்த்து, அலுப்போடு.

தவளைகள் கப்சிப். பதிவில் குறட்டை நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. மாமா திரும்பிப் படுத்தார்.

பதிவான அன்று ராத்திரியும் உள்ளறையிலிருந்து அவள் இதையேதான் சொல்லியிருந்தாள். மனுஷக் குரல் கேட்டால் தவளைகள் வாயை மூடிக்கொள்ளும் என்று அந்த வார்த்தைகளை மட்டும் மருமகள் பதிவிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். அந்த இடம் இத்தனை நாளும் காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பதிவு முடிந்தது. மருமகளுக்கு ஒரு தவளை இனத்தையே தூக்கத்திலேயே காப்பாற்றிவிட்டுப் போன மனுஷனையும், புழு டப்பாவுக்கு இடம் ஒதுக்கித் தந்த இந்த மனுஷியையும் நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திரும்பவும் குறட்டை கேட்டது.

கருவியைப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது.

நாற்காலியில் அத்தையின் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அடேயப்பா! மாமாவைவிட இரண்டு கட்டை கூடுதல். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை; உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

இத்தனை வருஷத்தில் மாமா இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அத்தையிடம்கூட.

வெளியே வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மருமகள் எழுந்துபோய், கதவை மெல்லச் சாத்தினாள்.