போன் ஒறுத்தல்

"இந்தத் தவக்காலத்துக்கு நான் போனை ஒறுக்கப் போறன்."

விபூதிப் புதன் பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தே மக்டலின் அறிவித்துவிட்டாள். மற்றவர்கள் இறைச்சியையும் இனிப்பையும் விலக்கி ஒறுக்கும் தன்னாமுனை ஊரில் இது புதுசுதான். காரணமும் இருந்தது. ஒரேயொரு வீடியோ பார்ப்போமென்று குந்தினால், சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்புவாள்.

கட்டாரில் இருக்கும் மகன் தினுஷன்தான் கெஞ்சினான். அவன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"அம்மா, வீடியோ பார்க்கிறத விடுங்க. வெள்ளிக்கிழமையில என்னோட மட்டும் கதைங்களன். அண்டைக்குத்தான் லீவு. றூமுக்குள்ள தனியக் கிடக்க ஏலாம இருக்கு."

"ஒறுத்தல் எண்டா முழு ஒறுத்தல் மகன். நாப்பது நாள் முடிஞ்சு, ஆண்டவர் உயிர்த்த பாஸ்காவுக்கு எடுக்கிறன்."

போனை அணைத்து, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பெற்ற மனம் அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் ஊரே மெச்சியது. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்த வளவுச் சர்மிலாவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இயேசுவின் பாடுகளை நினைத்துப் பதினான்கு நிலைகளில் நின்று செபித்துப் போகும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் மக்டலின்தான் செபம் வாசிப்பாள். சர்மிலாவோ ஒவ்வொரு நிலையிலும் முண்டியடித்து முன்னுக்கு வந்து, போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வெள்ளி என்றாலும் பரவாயில்லை, எல்லா வெள்ளியும்!

பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளி, வாவிக் கரையில் ஐந்தாம் நிலை. இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் சீமோன் உதவிய இடம். வாசித்து முடித்ததும் மக்டலினுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே சர்மிலாவிடம் போனாள்.

"ஏன்கா, கோயில் காரியத்திலயுமா போன்? நான் பெத்த புள்ளட குரலையே இத்தின நாளாக் கேக்காம இருக்கன். உனக்கு ஒரு மணித்தியாலம் ஏலாதா?"

சர்மிலாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"மன்னிச்சிக்கங்க மாமி."

அப்படிச் சொன்னாளே தவிர, போனை வைக்கவில்லை. ஆறாம் நிலையில் இன்னும் கிட்ட வந்து நின்றாள்.

'வெக்கம் கெட்டவள்' என்று மக்டலின் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாஸ்கா அன்று காலைப் பூசை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தாள். போன் சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றாள். மகனுடைய அழுகையும் கோபமும் நாற்பது நாளாகக் குவிந்து கிடக்குமே என்று பயமாக இருந்தது.

அவனிடமிருந்து ஒரேயொரு மெசேஜ்தான் இருந்தது. அன்று காலையில் வந்தது.

"அம்மா, பாஸ்கா வாழ்த்துகள். உங்கட ஒறுத்தல் குழம்பக் கூடாதெண்டு, உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு சர்மிலா அக்காக்கிட்டச் சொன்னது நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் அவ பிடிச்சிக்கிட்டு நிண்ட போன்லதான் உங்கட குரலைக் கேட்டன். அஞ்சாம் நிலையில நீங்க அவவுக்கு ஏசினதும் கேட்டிச்சு."