ஒரு நாள் லீவு

"இன்னிக்குமா வேலைக்குப் போறே?"

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த மகன் நிமிரவில்லை.

"இந்த ஊர்ல இன்னிக்குச் சாதாரண வியாழக்கிழமைப்பா. கடை, ஸ்கூல், பேங்க் எல்லாமே திறந்திருக்கு."

"ஊருக்கு வியாழக்கிழமை. நமக்கு கிறிஸ்துமஸ். உனக்குப் பொறந்தநாள் வேற."

"ஆறு மணிக்கு வந்துடறேன். மூணு பேரும் உட்கார்ந்து ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாம்."

கதவு சாத்திக்கொண்டது.

அப்பா ஹெச்.எம். அந்தக் கதவையே முறைத்தார். ஹெட்மாஸ்டராக இருந்து பணி ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷமாகியும் அவருக்கு ஹெச்.எம். என்றுதான் பெயர். மருமகள்கூட செல்போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். மனைவி போன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸைத் தனியாகக் கழிக்கப் பயந்துதான் விமானம் ஏறினார். துணிகளுக்கு நடுவே மடித்துக் கொண்டுவந்த காகித நட்சத்திரம் பால்கனியில் தொங்கியது. அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான்.

"ஒரு நாள் லீவு கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"இங்க பண்டிகைக்கெல்லாம் லீவு கிடையாது மாமா" என்றாள் மருமகள்.

"கேட்டிருக்கவே மாட்டான். வேலைதான் அவனுக்குச் சாமி. ஜூன் மாசம் மட்டும் வருஷா வருஷம் ஒரு நாள், பட்டப்பகல்ல போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசறானே, அதுக்கு மட்டும் எங்கேருந்து லீவு வருது?"

மருமகள் வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்க ஆரம்பித்தாள்.

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டேன். ஒரு பொய் சொல்லி லீவு எடுத்ததில்ல. உண்மையைச் சொல்லிக் கேட்டவனுக்கு இல்லேன்னும் சொன்னதில்ல. கேட்கிற விதமா கேட்டா எவனும் குடுப்பான். அவன் சாப்பாட்டை எடு, நானே வந்து பேசறேன்."

"வேண்டாம் மாமா. அவருக்குப் பிடிக்காது."

ஹெச்.எம். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதற்குள் சட்டை மாட்டியாகிவிட்டது.

இரண்டு தெரு தள்ளி இருந்தது ஆபீஸ். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி. சுவர் முழுக்க எண் போட்ட ஆணிகளில் கட்டடச் சாவிகள். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட யாரையோ போனில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த மகனுக்கு, அப்பாவைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது.

மேலாளர் ஐம்பது வயது அம்மாள். சிரித்தபடி எழுந்து நின்று வணங்கி நாற்காலி போட்டாள். ஹெச்.எம். விஷயத்துக்கு வந்தார். மருமகள் மொழிபெயர்த்தாள்.

"பண்டிகைன்னு ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணுமாம் மாமா. அப்புறம் லிஃப்ட்டெல்லாம் நின்னுடுமாம்."

"இன்னும் என்னமோ சொன்னாங்களே?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். "பிறந்தநாளுக்கு மட்டும் கட்டாய லீவாம். அன்னிக்கு ஆபீஸ் பக்கமே வரக்கூடாதாம்."

ஹெச்.எம்.முக்கு வாயெல்லாம் பல்.

"அட, பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சே! இன்னிக்குத்தானே இவன் பொறந்தநாள். கோயில் மணி அடிக்கறப்பப் பொறந்தவன். சொல்லும்மா."

"மாமா, வீட்டுக்குப் போயிடலாமே."

"அப்பா, கிளம்புங்க. நான் சீக்கிரம் வந்துடறேன்" என்றான் மகன்.

இரண்டு பேரும் உதவ மாட்டார்கள் என்று தெரிந்ததும் ஹெச்.எம். தானே இறங்கினார். மகனைக் காட்டினார். மேசைக் காலண்டரில் இருபத்தைந்தைத் தட்டினார். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டினார்.

மேலாளருக்கு நன்றாகவே புரிந்தது. நெற்றியைச் சுருக்கியபடி அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, அவர் முன்னால் விரித்து வைத்தாள். என்னவோ கேட்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"என்னம்மா கேட்கறாங்க?"

"எது பொய்னு கேட்கறாங்க மாமா. நீங்க சொல்றதா, இந்த சர்டிஃபிகேட்டான்னு. சர்டிஃபிகேட் பொய்யா இருந்தா வேலையில வச்சுக்க முடியாதாம்."

ஹெச்.எம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அவருடைய பள்ளிக்கூடம் மகனுக்குக் கொடுத்த சான்றிதழின் நகல். பிறந்த தேதி: ஜூன் ஒன்று.

பையனுக்கு ஐந்து வயது முடிய ஏழு மாதம் குறைந்தது. ஒரு வருஷம் வீணாவானேன் என்று ஜூன் ஒன்று போட்டுச் சேர்த்துக்கொண்ட நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. அதில் அவர் தப்பாக எதையும் நினைத்ததில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, அவருடையதேதான், வழக்கம்போல வாலை நீட்டிச் சுழித்திருந்தது.

இங்கே சேர்ந்து பதினோரு வருஷம். ஜூன் மாசத்து லீவு எதற்கு என்று ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை.

மகன் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தான். மேலாளரிடம் அவள் மொழியில் தணிவாக இரண்டு வாக்கியம் சொன்னான். அவள் முகம் இளகியது. ஃபைலை மூடினாள்.

"என்ன சொன்னான்?" என்று மருமகளிடம் கேட்டார் ஹெச்.எம்.

மருமகள் சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"'அப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் தப்பிப் போகுது. இதுல கையெழுத்துப் போட்ட ஹெட்மாஸ்டர் பொய்யே எழுத மாட்டார்'னு சொன்னார் மாமா."

மேலாளர் பரிவோடு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். ஹெச்.எம். அதை வாங்கிக்கொண்டு, ஞாபகம் தப்பியவரைப் போலவே தலையை ஆட்டினார்.