உறுமினானா, செருமினானா?

சூப்பர்வைசரைப் பார்த்து உறுமினான் என்பதுதான் செங்கல்வராயன் மேல் சுமத்திய குற்றம்.

கவரைப்பேட்டைப் பக்கம் கல்லை மாவாக அரைக்கும் மில் அது. வேலை நேரத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று சூப்பர்வைசர் ஏசியிருக்கிறார். பதிலுக்கு இவன் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். உறுமவில்லை, செருமினேன் என்று விசாரணையில் எவ்வளவோ மன்றாடினான்.

மானேஜர், பக்கத்தில் வேலை செய்த துலுக்காணத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உறுமுனான் சார். பல்லைக் கடிச்சிக்கினு, நாய் மாதிரி உறுமுனான்."

ஒரு மாதம் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

செங்கல்வராயன் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அவன் மனைவி சம்பூர்ணத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. துலுக்காணம் யாரோ எவனோ அல்ல. பல வருஷமாக அவள் கட்டிக் கொடுத்த சோற்றில் பாதியைத் தின்றவன்.

நேரே அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். வாய்க்கு வந்தபடி கேட்டாள். சூப்பர்வைசர் வாங்கிக் கொடுத்த நாஷ்டா ருசியாக இருந்ததா என்றாள். உன் குடும்பம் விளங்காது என்றாள்.

"செருமுனான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க ஊட்ல அடுப்பு எரியும். உனுக்கு இன்னாண்ணா கொறஞ்சி போயிருக்கும்?"

துலுக்காணம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மில்லில் இருந்த குப்புராஜை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான்.

இருக்கிறது. போன தை மாதம் குப்புராஜின் பாடை இந்தத் தெரு வழியாகத்தான் போனது.

"அவனும் செருமிக்கினேதான் இருந்தான். டாக்டராண்ட இட்டுக்கினு போயி எக்ஸ்ரே எடுத்தாங்க. மறுநாளே கணக்கு முடிச்சி அனுப்பிட்டாங்க."

புருஷன் இருமித் துடைத்த துணியில் இருக்கும் ரத்தத்தை, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் தினமும் அலசிப்போடுகிறவள் சம்பூர்ணம்தான். அது வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"இருக்கிற நாளைக்காவது அவனுக்குக் கூலி வரணும் இல்ல?" என்றான் துலுக்காணம். "உறுமுனவன ஒரு மாசம் கழிச்சி திரும்பச் சேர்த்துப்பாங்க, தங்கச்சி. செருமுறவனச் சேர்க்க மாட்டாங்க."