சேப்பங்கிழங்கும் சுயசித்தமும்

'அக்டோபர் 9: தோட்டத்துப் படலைச் சாத்த மறந்தேன். என் தவறு' என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் மோயலங்கி மாலை வேத வகுப்புக்கு வந்தாள். வகுப்பு எடுக்கும் போதகர் ஏலியாசாவுக்கு இந்த ஞாயிறு விருந்து வைக்கும் முறை அவள் வீட்டுக்கு. அதற்கென்று வளர்த்த சேப்பங்கிழங்கு முழுவதையும் ஒரு பன்றி தோண்டித் தின்றுவிட்டது. சமோவாவில் போதகருக்கு வெறும் தட்டு வைத்தால் ஊரே பேசும்.

"ஐயா, ஆண்டவர் நெனச்சிருந்தா அந்தப் பன்றியத் தடுத்திருக்கலாமே?"

"தடுத்திருக்கலாம்மா. ஆனா கட்டிப்போட்டா அதுக்குப் பேரு அன்பில்ல. அதான் மனுசனுக்குச் சுயசித்தம் குடுத்தாரு. நீ படலைச் சாத்தல, பன்றிக்காரன் அதக் கட்டல. நடுவுல ஆண்டவர ஏன் இழுக்கிற?"

"அப்ப தப்பு எங்க ரெண்டு பேரு மேலயுமா?"

"அவன் மேலதான் ஜாஸ்தி. மேயும்னு தெரிஞ்சே அவுத்து விட்டவன் பதில் சொல்லியே ஆகணும். யாரு அந்தச் சோம்பேறி?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மோயலங்கி தயங்கினாள்.

"போன மாசம் சபையார் உங்களுக்குக் காணிக்கையா குடுத்தோமே ஐயா, அந்தப் பன்றிதான்."

போதகர் வேதப்புத்தகத்தை மூடி வைத்தார்.

"அப்ப சொந்தக்காரனே எறங்கி வந்துதான் சரிபண்ணணும்," என்றார். "அதுவும் வேதத்துல இருக்கும்மா."

வீடு திரும்பியதும் மோயலங்கி எழுதினாள்: 'ஞாயிறு விருந்துக்கு நாளை சீமைப்பலா பறிக்க வேண்டும். கிழங்கு நடப் போதகர் வருவார். அவருக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வைக்க வேண்டும்.'